குருவி வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த அஞ்சலையம்மாள்

செய்தி ரப்பர் ஷீட் ஏற்றி வந்த லாரியோடு வந்தது. மம்பாவில் நான் இப்போது கிராணியாகக் கணக்கு எழுதும் கிட்டங்கியின் வாசலில் வண்டியை நிறுத்திய டிரைவர், கதவைச் சாத்துவதற்கு முன்பே சொன்னார்: "கிராணி, நம்ம தோட்டத்துக் கேட்டு அஞ்சலையக்கா தவறிட்டாங்க லா. முந்தாநாளு. துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தவங்க, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாங்களாம். நேத்து அடக்கமாயிடுச்சி."

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி கமலம் முறத்தில் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். முறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு எழுந்து போய் அடுப்பில் உலை வைத்தாள். "மத்தியான பஸ்ஸுக்குப் போயிடலாம். சோறு கொண்டுக்கிட்டுப் போகணும்" என்றாள். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை.

கோலா கிளாவாங் மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்தில் அஞ்சலையம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவரைத் திட்டாதவர்களும் கிடையாது. இதை நான் எழுதுவது அப்படித் திட்டியவர்களுக்காகத்தான். உங்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. மலாயாவின் இந்த அவசரகாலத்தின் கெடுபிடி மிகுந்த வருஷங்களில் நம்மையெல்லாம் தொழிலாளர் லயத்தோடு சேர்த்துக் கம்பிவேலிக்குள் அடைத்தார்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று, வேகாத அரிசியையோ நெல்லையோ ஒருவரும் வைத்திருக்கக் கூடாது என்றார்கள். பொதுக் குசினியில் வெந்த சோறுதான் எல்லாருக்கும். கேட்டைத் தாண்டிப் போனாலும் சோதனை, வந்தாலும் சோதனை. பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது. யாரும் தொடத் துணியாத அந்த வேலையை, புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தங்கையோடு அல்லாடிக்கொண்டிருந்த அஞ்சலையம்மாள் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கல்யாண வீட்டில்கூட அவருக்கு யாரும் பாய் விரித்ததில்லை.

ஒன்று மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். மலையடிவாரத்து விடிகாலைக் குளிரில் வரிசையில் நின்ற பெண்களைத் தொடுவதற்கு முன்னால் அவர் இரண்டு உள்ளங்கைகளையும் பரபரவென்று தேய்த்துக்கொள்வார். சோதிக்கும்போது கண்ணை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். அதைத் திமிர் என்று சொன்னார்கள். நான் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒருநாள், "எதுக்கக்கா கையத் தேய்க்கிறீங்க?" என்று கேட்டேன். "சர்க்கார் வேலைன்னாலும் கை என்னுதுதானே கிராணி. சில்லிட்ட கையோட ஒரு பொம்பளைய எப்படித் தொடுறது?" என்றார்.

இன்னொரு நாள் நிறைமாதமாக இருந்த ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரப் பெண்ணைப் பார்த்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வயிறா மூட்டையா என்று அவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். அஞ்சலையம்மாள் அந்தப் பெண்ணின் வயிற்றில் கையை வைத்து, கொஞ்ச நேரம் கழித்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "மூட்டைதான் சார். இப்பதான் எட்டி ஒதைச்சிச்சி. பொறந்ததும் தூக்கிட்டு வரச் சொல்றேன், அப்ப நீங்களே சோதனை பண்ணிக்குங்க." வரிசை முழுக்கச் சிரித்தது. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அன்று சிரித்தவர்களே மறுநாள் அவரைப் பழையபடி திட்டினார்கள். அதற்கெல்லாம் அவர் அசைகிற ஆளில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. இனிமேல் இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டு அனுப்பிய அன்று, சிரம்பான் பாசாரில் ஒரு சீனர் கடையில் தொங்கிய கூண்டின் முன்னால் கமலம் நின்றுவிட்டாள். நான் பத்தடி போய்த் திரும்பி வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறாள். உள்ளே நெல்லுக்குருவிகள், இரண்டு ஜோடி. உடம்பெல்லாம் செம்பழுப்பு, தலை மட்டும் வெள்ளை. மலாய்க்காரர்கள் அதை நரைத்த குருவி என்பார்கள். வாங்கி வந்ததும் கமலம் நாலுக்கும் சேர்த்துத் தாத்தாக்கள் என்று பெயர் வைத்தாள். சாயங்காலமானால் நாலும் ஒரே குச்சியில் வந்து ஒட்டிக்கொண்டு, நடு இடத்துக்காக ஒன்றையொன்று இடித்துத் தள்ளும். "தாத்தாக்களுக்கு வயசானாலும் புத்தி வரலை" என்று அவள் அதட்டுவாள். நான் ஆபீஸிலிருந்து வந்தால் தாத்தாக்களுக்குத் தண்ணீர் வைத்த பிறகுதான் எனக்குக் காப்பி. வீட்டில் பேச்சுச் சத்தம் திரும்பி வந்திருந்ததால் நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

நெல்லுக்குத் தடை வந்ததும் சங்கடம் தொடங்கியது. குசினிச் சோற்றைக் காயவைத்துப் போட்டாள். தாத்தாக்கள் கொத்திப் பார்த்துவிட்டு அலகைத் துடைத்துக்கொண்டன. ஒருநாள் டவுனுக்குப் போனவளுக்கு, வழியில் பழக்கமான ஒரு மலாய்க்கார அம்மாள் தன் வயலில் விளைந்த நெல்லில் ஒரு பிடி கொடுத்தார். கமலம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். கேட்டில் அஞ்சலையம்மாளின் விரலில் அந்த முடிச்சு பட்டது. கைக்கெட்டும் தூரத்தில் போலீஸ்காரர். அஞ்சலையம்மாள் முடிச்சை அவிழ்த்து அப்படியே சாக்கடையில் உதறிவிட்டு, "என்ன கிராணியம்மா, கண்ட எடத்துல உக்காந்தா குப்பையெல்லாம் முந்தானையில ஒட்டத்தான் செய்யும். ஒதறிட்டு வரக் கூடாதா?" என்று அதட்டினார். அது குப்பை என்றால் ஒன்றுமில்லை. நெல் என்று சொல்லியிருந்தால் கமலத்துக்கு லாக்கப்பும் எனக்கு வேலைநீக்கமும் நிச்சயம்.

இதை நான் எடுத்துச் சொன்னேன். கமலம் காதில் வாங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் முந்தானையை உதறியதும், சாக்கடையில் மிதந்த நெல்லும்தான் அவள் கண்ணில் நின்றன. "ஒரு சிட்டிகை கையில விட்டிருந்தா அவ வீட்டு ஆஸ்தியா போயிடும்?" என்றாள். அதற்கப்புறம் கேட்டைக் கடக்கும்போதெல்லாம் அஞ்சலையம்மாள் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கி நிற்பாள்.

வேறு வழியில்லாமல் புல்விதை பறிக்க ஆரம்பித்தாள். ரோட்டோரத்தில் இடுப்பளவு வளர்ந்த புல்லின் கதிர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கூண்டில் செருகுவாள். குருவிகளுக்கு அது பிடித்துப்போனது. ஆனால் ரோட்டோரத்தில் ஆள் மறைந்து நிற்க இடமிருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. லாலான் களைக்கு அடிக்கிற மருந்தை அந்தப் புல்லுக்கும் அடித்தார்கள். அன்று விடிகாலையில் அடித்தது; வெயில் ஏறுவதற்குள் கமலம் போனபோது புல் வாடவில்லை, பச்சையாகத்தான் நின்றது. ஈரத்தைப் பனி என்று நினைத்து உதறிவிட்டுப் பறித்து வந்திருக்கிறாள். மறுநாள் காலையில் குச்சி காலியாக இருந்தது. தாத்தாக்கள் நாலும் கூண்டின் தரையில் கிடந்தன.

அதற்குப் பிறகு கமலம் எழுந்திருக்கவில்லை. குருவிகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுத் துணியால் மூடி மடிப்பக்கம் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். புதைக்கவும் கொடுக்கவில்லை, சோறும் தொடவில்லை. அழுகையும் வரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "பாசார்ல வேற வாங்கித் தர்றேன்" என்று நான் சொன்னபோது என்னை யாரோ போலப் பார்த்தாள். எட்டிப் பார்த்த அக்கம்பக்கத்தாரும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். "மனுசனையே சுட்டுப் போடுற காலத்துல குருவிக்குப் போயி இப்படியா?" என்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு முறையும் கமலம் அந்த டின்னை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் நிழல் தட்டியது. அஞ்சலையம்மாள். வேலை முடிந்து குளித்து, ஈரத்தலையைக் கோடாலி முடிச்சாக முடிந்துகொண்டு, கையில் ஒரு மூடிய தட்டோடு நின்றார். செத்த வீட்டுக்கு வருகிறவர்கள் வருகிற மாதிரி, வாங்க என்று கூப்பிடக் காத்திராமல் நேரே உள்ளே போய்க் கமலத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். வெகு நேரம் அப்படியே இருந்தார்கள்.

கடைசியில் கமலம்தான் வாயைத் திறந்தாள். "நீங்க கொட்டுன நெல்லு இருந்திருந்தா இதுங்க உசுரோட இருந்திருக்கும்."

"ஆமா தாயி. இருந்திருக்கும்" என்றார் அஞ்சலையம்மாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங்கக்கா. அன்னிக்கு நீங்க மட்டும் அப்படிச் செய்யலைன்னா..." என்று ஆரம்பித்தேன். அவர் என்னைக் கையமர்த்தினார். "செத்த வீட்டுல கணக்குப் பாக்கக் கூடாது கிராணி" என்றார். பிறகு தட்டைத் திறந்து கமலத்தின் முன்னால் நகர்த்தினார். குசினியில் அவருக்குக் கிடைத்த சோறும் பருப்பும். "துக்க வீட்டுல ஒலை வைக்க மாட்டாங்க. அதான் கொண்டாந்தேன். என்னையத் திட்டணும்னா திட்டு தாயி, ஆனா சாப்பிட்டுட்டுத் திட்டு. பட்டினி வயித்தோட திட்டுனா எனக்குக் காதுல விழாது."

அந்த நாட்களில் தோட்டத்தில் எந்த வீட்டிலும் உலை வைப்பதில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார். கமலத்தின் உதடு கோணியது, சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. டின்னைக் கீழே வைத்துவிட்டு ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள். அவள் முடிக்கும்வரை அஞ்சலையம்மாள் இருந்தார். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், திரும்பியும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

கமலம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா? போயிட்டு வரேன்னு சொல்லாமப் போறாங்க" என்றாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான் நாம் அந்த வார்த்தையைச் சொல்லாமல் கிளம்புவோம். எங்கள் வீட்டில் நடந்ததைச் சாவு என்று ஒத்துக்கொண்டவர் அந்தத் தோட்டத்திலேயே அவர் ஒருவர்தான். அப்போதுதான் கமலம் அழ ஆரம்பித்தாள். அழுது ஓய்ந்த பிறகு அவளே மண்வெட்டியைக் கேட்டாள். இருட்டுவதற்குள் செம்பருத்திச் செடியடியில் நாலையும் புதைத்தோம்.

மறுநாள் காலையில் அஞ்சலையம்மாள் கேட்டில் ஒவ்வொரு பெண்ணிடமும், "ரோட்டோரப் புல்லுல மருந்து இருக்கு, ஆட்டுக்குப் பறிச்சிடாதீங்க, புள்ளைங்கள விட்றாதீங்க" என்று சொல்லியே அனுப்பினார். அந்த மருந்தால் எந்த வீட்டிலும் ஆடு சாகவில்லை.

பின்னால் ஒருநாள் அவரிடம், குருவிக்கெல்லாம் துக்கம் கேட்க எப்படித் தோன்றியது என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எம்புருசனச் சுட்டுப் போட்டப்ப எல்லாரும் வந்தாங்க கிராணி. நாட்டுல எத்தனையோ பேரு சாகுறாங்க, மனசத் தேத்திக்கன்னாங்க. எத்தனையோ பேரு செத்தா எனக்கென்ன, எனக்கு இருந்தது அந்த ஒரு ஆளுதானே? ஒருத்தராவது சும்மா பக்கத்துல உக்காந்திருக்கலாம்." அவர் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். நாங்கள் மம்பாவுக்கு மாறி வரும்வரை கமலமும் அவரும் அக்கா தங்கை போலத்தான் இருந்தார்கள்.

பஸ் எங்களைத் தோட்டத்து ரோட்டில் இறக்கிவிட்டது. அந்தப் பகுதியில் இப்போது கெடுபிடி தளர்ந்துவிட்டது. கம்பிவேலியைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். கேட்டின் இரண்டு கட்டைகள் மட்டும் நிற்கின்றன. அங்கே வந்ததும் கமலம் நின்றாள். சோற்றுத் தூக்கை முன்னால் நீட்டி, மறு கையால் மூடியைத் திறக்கப் போனாள். திறந்து பார்க்க யாரும் இல்லை. "பழக்கம்" என்றாள் என்னிடம். அங்கேயே நின்று அழுதாள்.

வீட்டில் அஞ்சலையம்மாளின் தங்கை முனியம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நான் நினைத்ததைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். அன்று அஞ்சலையம்மாள் வயிற்றில் கைவைத்துப் பார்த்த பெண், கேட்டில் உதைத்த அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கமலம் முனியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கைத் திறந்து, தட்டில் சோற்றைப் போட்டு அவள் முன்னால் நகர்த்தினாள். முனியம்மா சாப்பிட்டு முடிக்கும்வரை நாங்கள் இருந்தோம்.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். செத்த வீட்டில் கணக்குப் பார்க்காதே என்று எனக்குச் சொன்னவர் அஞ்சலையம்மாள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். எவருடைய துக்கத்தையும் பெரிதா சிறிதா என்று நான் இனி கேட்கப் போவதில்லை; பக்கத்தில் உட்காருவேன்.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தோம். முனியம்மா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எத்தனையோ சாயங்காலங்களில் அந்த வாசலில் சொல்லிப் பழகிய வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லாமல் படியிறங்கி நடந்தோம்.