வீடில்லாதோர் இல்லத்துக்கு மூன்று பூட்டு

கமிட்டிச் செயலாளர் உத்தியோகம் என்பது, யாரும் செய்யாத காரியத்தை எல்லோரும் சேர்ந்து செய்ததாக அழகான கையெழுத்தில் எழுதி வைக்கும் வேலை. கோயில் கமிட்டி, பெற்றோர் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் என்று எதிலாவது நாற்காலி தேய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் பட்டவர்கள்தான். எங்களுடையது, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டி ரோட்டோரம் படுத்துக் கிடப்பவர்களுக்கு ஒரு கூரை தேடக் கிளம்பிய கமிட்டி. தேடியதில் எங்களுக்கு முதலில் கிடைத்தது லெட்டர்பேடு.

கையெழுத்துத் தகுதி

முதல் கூட்டம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். ரைஸ் மில் வைத்திருப்பவர், சொந்த ஊர்க் கோயிலில் அறங்காவலர் வேறு. அதனால் பேச்சே இல்லாமல் தலைவர் ஆனார். ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர் பொருளாளர். நான் எழுந்து நின்றது, வீட்டில் ஊறப்போட்ட உளுந்து கிடக்கிறதே, கூட்டம் எப்போது முடியும் என்று கேட்பதற்காக. எழுந்து நின்றவளைத் தலைவர் விடவில்லை, செயலாளர் ஆக்கிவிட்டார்.

வீடில்லாதவர்களைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. தெரியாது என்று நானாகச் சொன்னதையும் யாரும் காதில் வாங்கவில்லை. "அம்மா கான்வென்ட்டுல படிச்சவங்க. கையெழுத்து முத்து முத்தா இருக்கும். வேற என்னங்க வேணும்?" என்றார் தலைவர்.

பொன்னாடைக் காலம்

அடுத்த மூன்று கூட்டங்களில் நாங்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டோம். தலைவர் பொருளாளருக்கு, பொருளாளர் தலைவருக்கு, மிச்சம் இருந்தது எனக்கு. எதற்காக என்று மினிட்ஸில் எழுதவேண்டி வந்தபோது, 'சேவையைப் பாராட்டி' என்று எழுதினேன். சேவை இன்னும் ஆரம்பமாகவில்லை என்பதை எழுத அந்தப் பக்கத்தில் இடமில்லை.

அப்போதுதான் மாரிக்கண்ணு எனக்குப் பழக்கமானாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். அவள் புருஷன் சின்னையா தச்சு ஆசாரி; சாரத்திலிருந்து விழுந்து ஒரு கால் சரியாக ஊன்ற முடியாது. குடியிருந்த வாடகை வீட்டை உரிமையாளர் இடித்துவிட்டதில் இருந்து, மூடிக் கிடக்கும் ஒரு கடையின் வாசல்தான் இருவருக்கும் வீடு. என் பொன்னாடைகள் இரண்டை எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஒன்றை விரித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இது போத்துறதுக்கு உள்ளது இல்லம்மா, போட்டோவுக்கு உள்ளது. கொசு இங்கிட்டுப் பூந்து அங்கிட்டு வந்துரும்."

நான்காவது நாற்காலி

யாருக்காக நடத்துகிறோமோ அவர்களில் ஒருவரையாவது கமிட்டியில் வைக்கவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். சரியென்று மாரிக்கண்ணுவைச் சேர்த்துக்கொண்டு, காலை பதினொரு மணிக்குக் கூட்டம் போட்டார்கள். ஓட்டலில் டிபன் தட்டுகள் மலைபோலக் குவியும் நேரம். மூன்று மணிக்கு மாற்றினேன். தலைவருக்கு அது கண்ணயரும் நேரமாம். கண்ணயர்ந்தபடியே தலைமை தாங்கினார், பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அதற்குள் ஒரு வியாபாரி தன் பழைய குடோனைத் தந்திருந்தார். வெள்ளையடித்து, கட்டில் போட்டு, குழாய் இழுத்தாயிற்று. அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் வாசல் போர்டைப் பற்றியே பேச்சு: யார் படம் பெரிதாக, யார் படம் வலப்பக்கம். மாரிக்கண்ணு புடவைத் தலைப்பால் ஈரக் கையைத் துடைத்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் தலைவர் மனமிரங்கி, "நீயும் ஏதாச்சும் சொல்லும்மா" என்றார்.

"கதவுக்கு உள்பக்கம் ஒரு தாப்பா வேணுங்கய்யா. பொம்பளைக படுக்குற எடம். குடிச்சுப்புட்டு எவனாச்சும் வந்து தள்ளுவான்."

"உள்ள தாப்பா போட்டுக்கிட்டா நாங்க எப்படி உள்ள வர்றது?" என்றார் பொருளாளர், ஏதோ தினமும் அங்கே படுக்கப் போகிறவர்போல. தாழ்ப்பாளை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்துவிட்டுப் போர்டுக்குத் திரும்பினார்கள். வெளியே வந்ததும் மாரிக்கண்ணு சொன்னாள்: "போர்டை எங்கிட்டு மாட்டுனா எனக்கென்னம்மா? நான் உள்ளதானே படுக்கப் போறேன்."

உண்டியல் முறை

எல்லாம் தயார். ஆனால் திறப்பு விழாவுக்கு வரவேண்டிய பெரிய மனிதர் தேதி கொடுக்கவில்லை. அதுவரை சாவி யாரிடம் இருப்பது? தலைவரிடம் இருந்தால் பொருளாளருக்கு ஆகாது, பொருளாளரிடம் இருந்தால் தலைவருக்குத் தூக்கம் வராது. தலைவர் தன் கோயில் அனுபவத்திலிருந்து ஒரு யோசனை எடுத்து விட்டார். "உண்டியலுக்கு மூணு பூட்டு, மூணு பேர் கையில மூணு சாவி. மூணு பேரும் கூடுனாத்தான் திறக்கும். இன்னைக்கு வரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்லை."

பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறேன்: அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தவள் நான்தான். வீட்டுக்குப் போகிற அவசரம். 'நிர்வாகத்தில் வெளிப்படைத்தன்மை' என்று ஒரு வரியையும் சேர்த்து எழுதினேன், முத்து முத்தான கையெழுத்தில். மறுநாளே கதவில் மூன்று பூட்டுகள் தொங்கின. மாரிக்கண்ணு வந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "உண்டியல்ல காசு போடக்கூட ஒரு ஓட்டை இருக்கும். நாங்க எது வழியாம்மா நொழையிறது?"

ஐப்பசி மழை

பெரிய மனிதருக்கு முன்னால் மழை தேதி கொடுத்துவிட்டது. ஒரு மத்தியானம் மாரிக்கண்ணு சொட்டச் சொட்ட என் வாசலில் நின்றாள். கடை வாசலில் முழங்கால் தண்ணீர், சின்னையாவுக்கு அனலாகக் காய்ச்சல். என் சாவியை எடுத்துக்கொண்டு தலைவருக்குப் போன் போட்டேன். பொன்னமராவதியில் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்து. பின்னால் பந்தி பரிமாறும் சத்தம். "ரெண்டு நாள்ல வந்துருவேன். அவசரப்பட்டு எதுவும் செஞ்சுராதீங்க, முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?" பொருளாளர் ஜெகதாப்பட்டினத்தில். "மீன்புடி போட்டுக்கு ஐஸ் ஏத்திக்கிட்டிருக்கேன், இப்பப் போயி வீட்டுப் பேச்சு பேசுறீங்களே!"

குடோன் வாசலில் பதினோரு பேர் மூட்டையோடு நின்றார்கள். என் சாவியால் என் பூட்டைத் திறந்தேன். மற்ற இரண்டும் என்னைப் பார்த்துச் சிரித்தன. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. திறந்ததைத் திரும்பவும் பூட்டினேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னையா மட்டும் நடுங்கிக்கொண்டே கதவருகே வந்து, பூட்டை விட்டுவிட்டு அது மாட்டியிருந்த தகட்டைத் தடவினார். "மூணும் நல்ல பூட்டும்மா. ஆனா நாதாங்கித் தகட்டோட திருகாணி பூராவும் வெளிப்பக்கமாவே இருக்கு. வீட்டுல ஸ்க்ரூ டிரைவர் இருக்குங்களா?"

விசாரணை

இருந்தது. என் வீட்டுக்காரர் வாங்கி வைத்து ஒரு நாளும் தொடாத ஸ்க்ரூ டிரைவர். நிலைப்பக்கத் தகடுகள் மூன்றையும் சின்னையா கழற்ற, கதவு திறந்தது.

மூன்றாம் நாள் தலைவரும் பொருளாளரும் வந்தபோது கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தகட்டில் கழற்றிய திருகாணிகளை வைத்தே, காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகச் சின்னையா உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தியிருந்தார். தலைவர் குடையோடு நின்று கதவைத் தட்டினார். "யாரு?" என்றது உள்ளிருந்து. தன் படம் போட்ட போர்டுக்குக் கீழே நின்று தன் பெயரைச் சொன்னார்.

உள்ளே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யார் எந்த நாள் பெருக்குவது, குடித்துவிட்டு வந்தால் இடமில்லை, பெண்கள் எந்தப் பக்கம், காய்ச்சல் கண்டவருக்கு ஜன்னலோரக் கட்டில். எல்லாம் ஒரே உட்காரலில் முடிவானது, பொன்னாடை இல்லாமல். தலைவர் அதைப் படிக்கவில்லை. "யார் அனுமதி குடுத்தது? எல்லாரும் வெளிய போங்க, விழா முடிஞ்சு முறைப்படி வரலாம்" என்றார். மாரிக்கண்ணு என் முகத்தைப் பார்த்தாள்.

நான் மினிட்ஸ் நோட்டைத் திறந்தேன். "சொல்லுங்க, எழுதுறேன். வெளியேத்தச் சொன்னவர் பேரு முதல்ல. அதுக்குக் கீழ மழையில நின்ன பதினோரு பேரு. பூட்டுக்கு வழிமொழிஞ்சவ பேரும் இருக்கும், பயப்படாதீங்க. விழாவுக்கு வர்றவருக்கு ஒரு நகல் போகும்." தலைவர் போர்டைப் பார்த்தார், தன் படத்தைப் பார்த்தார், குடையை மடக்கினார். தீர்மானம் ஏதும் வரவில்லை. பொருளாளருக்கு மட்டும் பழைய சந்தேகம் தீரவில்லை. நாங்கள் உள்ளே வரவேண்டுமென்றால் என்ன செய்வது என்று மாரிக்கண்ணுவிடமே கேட்டார். "தட்டுங்கய்யா, தொறக்குறோம். யாருன்னு கேட்டுட்டுத்தான்."

மூன்று பூட்டுகளும் பூட்டியபடியே கதவில் இன்னும் தொங்க, மூன்று சாவிகளும் மூன்று பொறுப்பாளர்களிடம் வெகு பத்திரமாக இருக்கின்றன. எங்கள் கமிட்டி இதுவரை குறையில்லாமல் நிர்வகித்து வருவது அது ஒன்றைத்தான்.