ஓடாத வண்டியின் கிலோமீட்டர்

கார் இன்சூரன்ஸை முதலில் சொன்ன விலைக்கே வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு இரக்கம் வராது, எரிச்சல்தான் வரும். வேலூரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மோட்டார் கிளெய்ம் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கீரைக்கட்டுக்குப் பேரம் பேசும் மனிதர், டீலர் நீட்டும் பாலிசியில் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கூடவே இலவசமாகக் கொடுத்த கீ செயினைப் பெருமையாகக் காட்டுவார். அந்தக் கீ செயினுக்கு அவர் எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்பதை நான் கணக்குப் போட்டுச் சொன்னதும் அவர் முகம் போகும் போக்கைப் பார்ப்பது ஓய்வுக்காலத்தின் சிறிய இன்பங்களில் ஒன்று.

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் யாருக்குப் புதுப்பிக்கும் நோட்டீஸ் வந்தாலும் என்னிடம்தான் எடுத்து வருவார்கள். மூன்றாம் நபருக்கான பகுதி எங்கே போனாலும் ஒரே விலை, அதை அரசு தீர்மானிக்கிறது, அதில் தலையை முட்டிக்கொள்ளாதீர்கள் என்பேன். நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கான பகுதியில்தான் ஆளாளுக்கு ஒரு விலை. சின்னக் கீறல்களை நம் கைக்காசில் சரி செய்துகொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் குறையும். மேல் மாடியில் நிறுத்தும் வண்டிக்கு வெள்ளத்தில் மூழ்கினால் ஈடு தரும் கூடுதல் பாதுகாப்பு வேண்டாம் என்று அடித்துவிட்டால் இன்னும் குறையும். ஊரார் வண்டிக்கெல்லாம் ஜாதகம் பார்க்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். காபியும் அவள்தான் போட வேண்டும் என்பதால் அப்படிச் சொல்ல அவளுக்கு உரிமை உண்டு.

என் வண்டிக்கு நான் எடுத்தது இவை எல்லாவற்றையும்விடக் கெட்டிக்காரத்தனமான பாலிசி. எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அதற்கேற்ற கட்டணம். கிலோமீட்டருக்கு ஒரு வரம்பு வைத்து அதற்குள் ஓட்டினால் பிரீமியம் நன்றாகக் குறையும். ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவியைச் செருகிவிடுவார்கள். வண்டி எங்கே, எவ்வளவு ஓடியது என்று அது கம்பெனிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காய்கறிச் சந்தைக்கும் எப்போதாவது சோளிங்கர் அடிவாரம் வரைக்கும் போகும் வண்டி என்னுடையது. இருப்பதிலேயே சிறிய வரம்பைத் தேர்ந்தெடுத்தேன். அதிலும் பாதி மிஞ்சும் என்று மனைவியிடம் சொன்னேன்.

மூன்று மாதம் கழித்துக் கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. வரம்பில் பாதிக்கு மேல் ஓடிவிட்டது, கூடுதல் கிலோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றது.

கருவி கெட்டுவிட்டது என்று புகார் எழுதினேன். இதை எப்படி எழுத வேண்டும், யாருக்கு நகல் போட வேண்டும், எத்தனை நாளில் பதில் தர அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பதிலுக்கு ஒரு பெண் போனில் வந்தாள். பொறுமையான குரல். கருவி சரியாக இருக்கிறது என்றாள். வண்டி செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில் ஓடுகிறது, சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது என்றாள்.

செவ்வாயும் வெள்ளியும் மதியத்தில் என் மனைவி காட்பாடியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் தன் அக்காவைப் பார்க்க பஸ்ஸில் போவாள். நான் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். வண்டி வாசலில் நிற்கும். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

"நீங்க தூங்கும்போது வண்டி ஓடுது சார்" என்றாள். அவள் கிண்டல் செய்யவில்லை. கம்ப்யூட்டரில் தெரிந்ததைச் சொன்னாள். ஓடாத வண்டி எங்கே போகிறது என்று கேட்பது எனக்கு அபத்தமாகப் பட்டது.

கருவியை மாற்ற வைத்தேன். புதியதும் அதையே சொன்னது. டாஷ்போர்டில் இருக்கும் மீட்டரைப் பார்த்தேன். அதுவும் கருவி சொன்ன பக்கமே நின்றது. இரண்டு சாட்சிகள் ஒன்றாகச் சொன்னால் மூன்றாவதாக ஒருவனைத் தேட வேண்டும் என்பது என் தொழில் கற்றுக் கொடுத்த பாடம். யாரோ என் வண்டியை எடுத்துப் போகிறான். மாற்றுச் சாவி அலமாரியில் இருந்தது. மெக்கானிக் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கலாம். பக்கத்து வீட்டில் குடியிருப்பவனுக்கு வண்டி என்றால் உயிர்.

விபத்து நடந்த இடத்துக்குப் போய் வண்டியைச் சோதிப்பதை ஸ்பாட் சர்வே என்போம். என் வாசலிலேயே என் வண்டிக்கு ஸ்பாட் சர்வே செய்தேன். டயர் இடுக்குகளில் மஞ்சள் நிறத்தில் காய்ந்த சேறு. எங்கள் தெரு மண் செம்மண். கதவைத் திறந்ததும் ஒரு வாடை அடித்தது. இந்தப் பக்கத்தில் பிறந்தவனுக்கு அந்த வாடையை விளக்கத் தேவையில்லை. தோல் ஊறும் தொட்டியின் வாடை. துணியில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எந்தத் தோல் தொழிற்சாலையும் இல்லை.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். திருடி ஓட்டுகிறவன் கண்டிப்பாக இரண்டு காரியம் செய்வான். இருக்கையைத் தன் காலுக்கு ஏற்றபடி நகர்த்துவான், பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் கண்ணுக்குத் திருப்புவான். நான் குள்ளம். என் இருக்கை ஸ்டியரிங்கை ஒட்டினாற்போல் இருக்கும். அது அப்படியேதான் இருந்தது. கண்ணாடியில் என் கண்கள் சரியாக நடுவில் தெரிந்தன. அவற்றை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறைய நேரம் பார்க்கப் பிடிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை முன் டயரை ஒட்டித் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். மனைவி காட்பாடிக்குக் கிளம்பியதும், முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வண்டியின் முன்பக்கம் முழுதாகத் தெரிந்தது. தூங்கவில்லை. இதை இன்றைக்கும் எந்த நீதிமன்றத்திலும் சத்தியம் செய்து சொல்வேன். வெயில் மதிலின் மேல் ஏறியது, ஒரு பூனை பானட் மேல் படுத்தது, ஐஸ்காரன் மணியடித்துப் போனான். பிறகு கேட் திறக்கும் சத்தம், மனைவி வந்தாள். யாரும் வண்டியைத் தொடவில்லை என்று ஜன்னல் வழியாகவே அவளிடம் சொன்னேன்.

அவள் வண்டியின் அருகே நின்று கீழே பார்த்தாள். கோடு டயரைவிட்டு ஒரு முழம் தள்ளி இருந்தது. பானட் மேல் உள்ளங்கையை வைத்து உடனே எடுத்தாள். வீட்டுக்குள் வந்தவள் என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"இன்னாங்க, வீட்டுக்குள்ள எதுக்கு ஷூ போட்டுனு உக்காந்துக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். ஷூ. முழுக்கைச் சட்டை, பையில் பேனா. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டையை நான் போட்டதில்லை. ஷூவின் ஓரத்தில் மஞ்சள் சேறு இன்னும் காயவில்லை.

 மறுநாள் அவளே கம்பெனிக்குப் போன் போட்டு, வண்டி எங்கே போய் நிற்கிறது என்று கேட்டாள். ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் ஓரிடத்தைக் கைபேசிக்கு அனுப்பினார்கள். நீங்கள் ஓட்ட வேண்டாம் என்று சொல்லி, ஆக்டிங் டிரைவர் ஒருவரை வரவழைத்தாள். நான் பின்னால் உட்கார்ந்தேன். ஆற்காடு தாண்டி, பாலாற்றுப் பாலம் தாண்டி, தொழிற்பேட்டைக்குள் நுழைந்த பிறகு, கைபேசி வழி சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிக்கொண்டு வந்தேனாம். இடது, நேராக, மூடின கேட்டுக்கு எதிரில் என்று. டிரைவர் சிரித்துக்கொண்டே, சார்தான் இருக்கிறாரே, போன் எதற்கு என்றார். மனைவி சிரிக்கவில்லை.

மூடிப்போன ஒரு தோல் தொழிற்சாலை. மதில் ஓரத்தில் மழைத்தண்ணீர் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. எதிரே தகரக் கூரை போட்ட டீக்கடை. கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததும் பாய்லர் பக்கம் திரும்பினார். நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னால் ஒரு டீ என் எதிரில் வந்தது. ஆடை எடுத்து, சர்க்கரை கம்மியாக, டபராவில் ஊற்றி. நான் டீ குடிப்பது இப்படித்தான் என்பது என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

"இன்னா சார், இன்னிக்கி சனிக்கெழம வந்துக்கிறீங்க? அம்மாவையும் கூட்டினு" என்றார்.

இவர் இங்கே அடிக்கடி வருவாரா என்று மனைவி கேட்டாள். வாரத்தில் இரண்டு தடவை என்றார் பாய். வந்தால் என்ன செய்வார் என்று கேட்டாள். பாய்க்கு இந்தக் கேள்வி வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து, சொல்லலாமா என்பதுபோலக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

"ஒண்ணும் இல்லம்மா. லாரி வந்துச்சா பாய்னு கேப்பாரு. இன்னும் வரல சார்ம்பேன். சரி, வந்தா எதையும் தொட வேணாம்னு சொல்லுங்க, நான் பாத்துட்டுதான் எடுக்கணும்பாரு. டீ குடிப்பாரு, போய்டுவாரு."

"எந்த லாரி?"

"நம்பர்கூட சொல்வாரும்மா. எனக்குத்தான் நெனப்பு நிக்கல. சாரக் கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் சர்வீஸில் நான் சோதித்த லாரிகள் ஏராளம். கவிழ்ந்தவை, எரிந்தவை, ரயில்வே கேட்டில் மாட்டியவை. எதுவும் என் மனசை உறுத்திக்கொண்டு இருந்ததில்லை. தூக்கத்தில் வந்ததில்லை. நான் தூங்கப் போகும்போது அலுவலகத்தை அலுவலகத்திலேயே விட்டுவிட்டுப் போகிறவன். மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். புல் முளைத்த காலி மனை. அங்கே எந்த லாரி வர வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மற்றொருவனுக்குத் தெரிந்திருக்கிறது, நம்பரோடு. அவன் என் பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் கால் எட்டும் இருக்கையில் உட்கார்ந்து, வாரம் இரண்டு தடவை வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான்.

திரும்பி வரும்போது சனிக்கிழமை வகுப்பு முடிந்து பள்ளிக்கூடங்கள் விட்டிருந்தன. ஆற்காட்டில் சைக்கிள்களும் ஆட்டோக்களும் சாலையை அடைத்தன. ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையை உதறிவிட்டு எங்கள் வண்டிக்கு முன்னால் ஓடினாள். டிரைவர் பிரேக் போட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் இதே சாலையில், மூன்று மாதத்துக்கும் மேலாக, இதே வண்டியை நான் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவைகூட என் நினைவில் இல்லை. அப்படி ஓட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் ஆயுள் முழுக்கக் காகிதத்தில் படித்திருக்கிறேன். வண்டியை விற்கச் சொல்லி மனைவி கேட்கவில்லை. ஆற்காடு தாண்டுவதற்குள் நானே சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். தலையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் சின்ன வயசுக்காரர், என்னிடம் பேசும்போது கொஞ்சம் சத்தமாகப் பேசினார், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல. மாத்திரை கொடுத்தார், வண்டி ஓட்டக்கூடாது என்றார், தனியாக வெளியே அனுப்ப வேண்டாம் என்பதை மட்டும் மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். வண்டியை ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் வாங்கிக்கொண்டார். நல்ல விலைதான். ஆர்.சி. மாற்றும் வரை நானே பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சரியாகச் செய்து கொடுத்தேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. கிளெய்ம் எதுவும் கேட்காமல் வருஷக்கணக்கில் ஓட்டியவனுக்கு ஒரு தள்ளுபடி சேர்ந்துகொண்டே வரும். அது வண்டியோடு போகாது, ஆளோடு இருக்கும். வண்டியை விற்றுவிட்டால், அந்தத் தள்ளுபடியை அடுத்த வண்டிக்கு எடுத்து வைக்கச் சொல்லி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். மூன்று வருஷம் செல்லும். அடுத்த வண்டி கிடையாது என்பது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். ஆனாலும் கிடைக்கக்கூடிய சலுகையை விட்டுக் கொடுப்பது என் உடம்பில் இல்லை. அவள் தடுக்கவில்லை. கூட வந்தாள்.

பாலிசி கொடுத்த கம்பெனியின் கிளை அலுவலகத்தில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். விற்பனை ரசீதையும் ஆர்.சி. நகலையும் நீட்டி, விஷயத்தைச் சொன்னேன். அவர் காகிதங்களை வாங்கிக்கொள்ளவில்லை.

"போன செவ்வாக்கெழமயே வாங்கினு போய்ட்டீங்களே சார்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மனைவி காட்பாடிக்குப் போயிருந்தாள். வாசல் கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போயிருந்தாள். பின்கதவைப் பற்றி எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

தனியாகவா வந்தார், எப்படி இருந்தார் என்று அவள் கேட்டாள். தனியாகத்தான், பஸ்ஸில் வந்ததாகச் சொன்னார், ரொம்ப நன்றாகப் பேசினார் என்றார் இளைஞர். தனக்குத் தெரியாத இரண்டு மூன்று விதிகளைச் சொல்லிக் கொடுத்தார் என்றார். கிளம்பும்போது, ராணிப்பேட்டைக்கு இங்கிருந்து எந்த பஸ் என்று மட்டும் கேட்டாராம்.

கடிதம் வீட்டில் எங்கேயும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரம் முழுவதும் அலமாரிகளை ஒழுங்குபடுத்தியவன் நான்தான். அசல் தொலைந்தால் நகல் வாங்க ஒரு வழி உண்டு. அசல் என்னிடம் இல்லை, கிடைத்தால் திருப்பித் தருகிறேன் என்று உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இளைஞர் மாதிரி வாசகத்தைத் தேட ஆரம்பித்தார். தேவையில்லை என்று சொல்லி, வெள்ளைத்தாள் வாங்கி நானே எழுதினேன்.  மனைவி என் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியையும் படித்தாள்.

அவர் என் தாளைப் போன வாரம் கடிதம் கேட்டு எழுதிக் கொடுத்த தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையெழுத்தும் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவர் கடமை. அவசரப்படாமல் பார்த்தார். இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வேலை கற்றவர்களுக்கு நான் சொல்லியிருக்கிறேன்.

"ஒரே ஆள்தான் சார்" என்று சொல்லி முத்திரையை எடுத்தார்.