ரூபன் முன்னால் நடந்த நாள்

மதுக்கரைப் பக்கத்துக் கரட்டு மலையில் ஆட்களை ஏற்றி இறக்குவது ரூபனுக்குத் தொழில். வனத்துறையில் அனுமதி வாங்குவது, தண்ணீர் பாட்டில் சுமப்பது, மூச்சு வாங்குகிறவரை வெட்கப்படாமல் உட்கார வைப்பது எல்லாம் அவனுக்குக் கைவந்த கலை. ஒன்றே ஒன்றுதான் வராது. முன்னால் நடக்க வராது. வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பதாவது, அது என்ன மரியாதை என்று கேட்பான். "நீங்க முன்னால போங்க" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின்னாலிருந்தே "சோத்தாங்கைப் பக்கமுங்க, கல்லுங்க, முள்ளுங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவான். உச்சிக்குக் கடைசியாகப் போய்ச் சேருகிற வழிகாட்டியை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வீட்டில் மட்டும் ஐயா வேறு மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அவன் மனைவி மெர்சி, குழாயில் தண்ணீர் வந்தால் போனில் மணி அடிக்கிற கருவி ஒன்றைச் செய்தாள். தண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாத ஊரில் இது சாதாரண விஷயமா? தெருவே அவளைக் கொண்டாடியது. ஆனால் கம்பெனி தொடங்கப் பணம் போடத்தான் ஆள் இல்லை. இந்த மாதமும் யாரும் போடாவிட்டால் பெங்களூரில் கிடைத்திருக்கும் வேலைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டாள். ரூபனுக்குப் போகாதே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வந்ததென்னவோ "உன்ற இஷ்டம் கண்ணு" என்பதுதான்.

பணம் போடக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். சிங்காநல்லூர் மில் குடும்பத்து சாய்கிருஷ்ணா, புதுக் கம்பெனிகளில் முதல் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர். கலீல் ரஹ்மானுக்கு உக்கடத்தில் மொத்த வியாபாரம். கோமளாவுக்குப் பம்பு பட்டறை. மூவருக்கும் கருவி பிடித்துத்தான் இருந்தது. ஆனால் "அவுங்க மொதல்ல போடட்டுமுங்க, நான் பின்னாலயே வாரேன்" என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று சும்மாவா சொன்னார்கள். மூவரையும் ஒன்றாக மலையேற்றினால் ஒரு முடிவுக்கு வருவார்கள் என்று மெர்சி அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தாள்.

பாதி ஏற்றத்தில் சாய்கிருஷ்ணாவுக்கு ஞானம் பிறந்தது. உங்கள் தொழிலும் என் தொழிலும் ஒன்றுதான் என்று ரூபனுக்கு விளக்க ஆரம்பித்தார். ஏறுகிறவர் வேறொருவர், உச்சியில் போட்டோ எடுத்துக்கொள்கிறவரும் அவரே. சறுக்கினால் மட்டும் கூட வந்தவன் சரியில்லை என்பார்கள். ஆளின் நடையைப் பார்த்தே பாதியில் திரும்புகிற கேஸா என்று சொல்லிவிட வேண்டும். பத்துப் பேரைக் கிளப்பிவிட்டு ஒருவர் உச்சியைத் தொட்டாலும் லாபம்தான் என்றார்.

"மீதி ஒம்பது பேரு என்னங்க ஆவாங்க?" ரூபன் பதறிப்போனான். "எனக்குப் பத்துப் பேரும் ஊடு போய்ச் சேரோணுமுங்க."

அந்த இடத்தில் கொஞ்சம் வித்தியாசம் உண்டு என்று சாய்கிருஷ்ணா ஒப்புக்கொண்டார்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கோமளா கலீலை முன்னால் போகச் சொன்னார். கலீல் கோமளாவைப் போகச் சொன்னார். சாய்கிருஷ்ணா ரூபனைப் பார்த்தார், ரூபன் கும்பிட்டான். மெர்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது புதருக்குள் மடமடவென்று ஏதோ ஒடிந்தது. ஆனை என்று கலீல் ரஹ்மான் கிசுகிசுத்ததுதான் தாமதம், மூவரும் எடுத்தார்கள் ஓட்டம். இந்த முறை யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. ஓடிய பக்கமோ பழைய கல்குவாரி. புல் மூடிய விளிம்பைத் தாண்டினால் பாதாளம். பின்னாலிருந்து கத்தினால் எந்தக் காதில் ஏறும்? ரூபன் குறுக்கே பாய்ந்து, அவர்களை முந்திப் போய், கையை விரித்துக்கொண்டு நின்றான்.

"நில்லுங்க. எல்லாரும் எம் பின்னால வாங்க."

அந்த நேரத்திலும் 'ங்க'வை மட்டும் விடவில்லை, பாருங்கள். மூவரும் கோழிக்குஞ்சுகளாட்டம் அவன் பின்னால் நடந்தார்கள். புதரிலிருந்து ஓர் எருமை அசைபோட்டபடி வெளியே வந்து, அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

அடிவாரத்தில் கலீல் ரஹ்மான் அன்றைய கூலியை ரூபனிடம் கொடுத்தார். பெங்களூர்க்காரர்களுக்கு நாளைக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று மெர்சி யாரிடம் என்றில்லாமல் முணுமுணுத்தாள். முன்னால் நடந்த சூடு ரூபனுக்கு இன்னும் ஆறவில்லை. கூலியை அப்படியே அவள் கையில் வைத்தான்.

"உன்ற கம்பெனிக்கு நான் மொதல்ல போடறேன். வாரவங்க வரட்டும்."

போணி ஆகிவிட்டால் நம் ஊர்க்காரர்களுக்குக் கை தானாக நீளும். கோமளா நானும் போடுகிறேன் என்றார். மற்ற இருவரும் அவருக்குப் பிந்திவிடக் கூடாதென்று முண்டியடித்தார்கள். முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, உங்களுக்கு எவ்வளவு பங்கு எழுதட்டும் என சாய்கிருஷ்ணா ரூபனைக் கேட்டார்.

"பங்கெல்லாம் வேண்டாமுங்க. அவ பெங்களூரு போகாம இருந்தாப் போதுமுங்க. அவ இல்லாத ஊட்டுக்குள்ள என்னால காலெடுத்து வெக்க முடியாதுங்க."

மெர்சி அவனையே பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, இந்த ஒரு வார்த்தையச் சொல்ல உங்களுக்கு எருமை வரோணுமா?"