மெயின் படம் எப்போ?

விருது வாங்கிய படத்துக்கு ஆள் சேர்ப்பதைவிட, விருது வாங்குவது சுலபம். எந்தெந்த நாட்டிலோ பரிசு பெற்ற அனிமேஷன் குறும்படங்களைத் தேடிப்பிடித்துத் திரையிடுவது என் தொழில். நல்லதை நாலு பேருக்குக் காட்ட ஆசைப்பட்டு நொந்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். பெங்காலிகள் ஊரில், லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ் சபா ஹாலை மூன்று ஞாயிறுகளுக்குக் கொடுத்தார் செக்ரட்டரி வைத்தி மாமா. மூன்றாவது ஞாயிறு ஐம்பது பேர் வராவிட்டால் ஹால் புடவைக் கண்காட்சிக்குப் போய்விடும். "பொம்மைப் படத்துக்கு யார் வருவா?" என்றவர், உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மெய்மறந்த கூட்டம்

முதல் ஞாயிறு பத்தொன்பது பேர். ஆறு படங்கள். ஒன்றில் கம்பளி நூலே கடலாகப் பொங்கியது. எத்தனையோ முறை பார்த்த எனக்கே சிலிர்த்தது. ஆறும் முடிந்து விளக்கைப் போட்டேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மெய்மறந்துவிட்டார்கள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து, பேங்கில் ரிட்டையரான ஒருவர் மெல்ல என்னிடம் வந்தார்.

"விளம்பரம் போடறது வழக்கம்தான், அதுக்காக ஆறா? மெயின் படம் எப்போ?"

பத்து நிமிஷம் லேட்

நம்மவர்கள் எதற்கும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வருவார்கள். மூன்று மணி நேரப் படத்தில் அது தெரியாது. ஏழு நிமிஷப் படத்தில் படமே போய்விடும். இரண்டாம் ஞாயிறு, களிமண் யானை ஒன்று குழியில் விழுந்து எழும் படம் முடிந்ததும் லேக் கார்டன்ஸ் மாமி ஒருவர் வந்தார். அவருக்காக மறுபடி போட்டேன். அது முடியும்போது ஒரு தம்பதி வந்தார்கள். மூன்றாம் முறையும் போட்டேன். முதலிலிருந்தே உட்கார்ந்திருந்த ஒருவர் பொறுக்க முடியாமல் சொன்னார்:

"மூணு தடவையும் அதே குழியில விழறது. டைரக்டர் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்."

நாலு வருஷம்

அன்றே, டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் அனிமேஷன் செய்யும் என் தோழி மிதாதியைப் பேச அழைத்திருந்தேன். ஒரு அசைவுக்கு எத்தனை படம் வரைய வேண்டும் என்று அவள் பெங்காலியில் கண்கள் மின்ன விளக்கினாள். எட்டு நிமிஷப் படத்துக்கு நாலு வருஷம் ஆனதாம். எனக்குக் கை தட்டத் தோன்றியது. லேக் கார்டன்ஸ் மாமி பெருமூச்சு விட்டார்.

"என் பிள்ளையும் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சான். அவன் படிச்சதைப் பார்க்க எட்டு நிமிஷம்கூட ஆகாது."

ஐம்பதாவது ஆள்

மூன்றாம் ஞாயிறு வைத்தி மாமா வாசலில் நின்று தலை எண்ணினார். நாற்பத்தொன்பது. கடைசிப் படத்தைப் போட்டேன். ரயிலே வராத ஸ்டேஷனை ஒரு கிழவர் தினமும் திறந்து, விளக்கேற்றி, கொடியோடு காத்திருக்கும் படம்; வசனமே கிடையாது. வைத்தி மாமா முப்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவர். ஹாலை மூடச் சொல்ல உள்ளே வந்தவர், அப்படியே நின்றார். பிறகு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். படத்தில் தூரத்தில் ஒரு விசில் கேட்டபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வந்ததும் அவரிடம் போய், ஒரு ஆள் குறைகிறது மாமா என்றேன்.

"வாசல்ல நின்னப்போதான் நாப்பத்தொன்பது. நான் உக்காந்தப்புறம் நீ எண்ணினியா?"

உலகத்து ஜூரிகளை எல்லாம் ஜெயித்த படம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டு வந்தவரை உட்கார வைத்த பிறகுதான் எங்கள் சபாவில் விருதுப் படம்.