பதினைந்தாவது ரவிக்கை

சரோஜா, மணி... இந்த வாரம் நான் எழுதப்போவது ரவிக்கையைப் பற்றி. சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்றப் பிள்ளைகளும் சிரிக்க வேண்டாம். போன தீபாவளியன்று நம் திண்டிவனம் பஜாரில் நான் கண்ட காட்சியை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அப்பாவுக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் — கன்ட்ரோல் துணிக் கடையில் கிளார்க். யுத்தம் வந்தாலும் வந்தது, துணிக்கும் கார்டு வந்துவிட்டது. குடும்பத்துக்கு இத்தனை கஜம், அவ்வளவுதான். மேற்கொண்டு கைக்குட்டை அளவு கேட்டாலும் நான் கையை விரிக்க வேண்டியதுதான்.

அந்தத் தீபாவளிக்கு விழுப்புரத்திலிருந்து வந்த ரவிக்கைத் துணி ஒரே ஒரு தினுசு. கருநீலத் துணி, அதில் குடை விரித்த மாதிரி வெள்ளைப் பூ. என்ன பூ? எனக்கும் தெரியாது, அச்சடித்தவனுக்கும் தெரிந்திருக்காது. ஊர்ப் பிள்ளைகள் அதற்கு ‘காளான் துணி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கார்டை நீட்டிய பெண்கள் என்னை விட்டார்களா?

“இன்னா சார், ஊருக்கே ஒரே யூனிபாரமா? நாங்க இன்னா ஜெயில்லயா கீறோம்?”

“என் மாமியாருக்கும் இதே, எனக்கும் இதேவா? எங்க ஊட்டுக்காரரு ஆளு தெரியாம பேஜாராப் பூடுவாரு சார்!”

அந்தக் கூட்டத்தில் தனபாக்கியமும் நின்றிருந்தாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் கற்றவள். புருஷன் பட்டாளத்தில் இருக்கிறான். எங்கள் கடைக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் கண்ணையன் மேஸ்திரியின் பழைய மிஷின் ஒன்றை வாடகைக்கு வாங்கி, வீட்டில் வைத்துத் தைக்கிறாள். அந்தச் சக்கரம் சுற்றினால்தான் அவள் வீட்டு அடுப்பு எரியும்.

“எங்கிட்ட குடுங்கக்கா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது” என்றாள் அவள்.

மேஸ்திரிக்குக் காது கூர்மை. எதிர்க் கடையிலிருந்தே குரல் கொடுத்தார். “ஒரே துணியில தினுசு தினுசாவா? இன்னாம்மா, சினிமா காட்டறியா?”

“காட்டறேன் மேஸ்திரி.”

“ரெண்டு ஜாக்கெட்டு ஒரே மாதிரி இருந்திச்சினா?”

“உங்க மிஷின நீங்களே தூக்கிக்கினு போயிடுங்க.”

“இல்லன்னா?”

“நானா திருப்பிக் குடுக்கற வரைக்கும் நீங்க கேக்கக் கூடாது.”

மிஷின் போனால் இவள் என்ன செய்வாள் என்று எனக்குக் கவலை. அதற்குள் யாரோ, “துணி குடுத்த கிளார்க்கு சாரே தீர்ப்பு சொல்லட்டும்” என்று என்னை மாட்டிவிட்டார்கள். பதினான்கு பெண்கள் தங்கள் துணியைத் தனபாக்கியத்திடம் கொடுத்தார்கள்.

பிள்ளைகளே, நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் ஒருமுறை புதுச்சேரியில் ஒரு சென்ட் கடையில் பிரெஞ்சுப் படப் பத்திரிகை ஒன்றைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சீமையில் உடுப்புக்கு டிசைன் போடுவதற்கென்றே பெரிய பெரிய ஆட்கள் உண்டாம். அவர்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு பெண்கள் நடந்து காட்டுவார்களாம். சீமான்களும் சீமாட்டிகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார்களாம். பவுடரும் சென்ட்டும் வாங்க வந்தவர்கள் மத்தியில் நின்றுகொண்டு, ‘நமக்கு எங்கே இதெல்லாம்’ என்று நினைத்தேன்.

தீபாவளியன்று காலையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. மேஸ்திரியின் கடை வாசலில், மேஸ்திரிக்குப் பக்கத்திலேயே! எண்ணெய் முழுகிவிட்டுப் பெண்கள் கோயிலுக்கு அந்த வழியாகத்தான் போக வேண்டும்.

வந்தார்கள். எப்படி வந்தார்கள் என்கிறீர்கள்?

ஒருத்திக்குப் பூவெல்லாம் தோளோரமாகவே அமைந்து மாலை போட்ட மாதிரி இருந்தது. இன்னொருத்திக்குத் துணியைக் குறுக்கே வெட்டியதில் பூக்கள் சரிந்து விழுவது போல ஒரு தோற்றம். வேறொருத்தியுடையதைப் பார்த்து இது நம் கடைத் துணியே இல்லை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது — தனபாக்கியம் துணியின் உள்பக்கத்தை வெளியே வைத்துத் தைத்திருக்கிறாள்! கருநீலம் வெளிர்நீலமாகி, பூக்கள் பனிக்குள் இருப்பது போல மங்கலாகத் தெரிந்தன. தபால்காரர் மனைவி பொன்னம்மாவுக்குப் புடைத்த பஃப் கை, கையோரத்தில் சின்னதாக ஒரு ஃபிரில். மல்லாட்டைக் கடலை விற்கும் குப்பம்மாவைத் தலையில் கூடையில்லாமல் நான் பார்த்ததே இல்லை. அவள் அன்று கையை வீசிக்கொண்டு, தெருவின் நடுவே நடந்தாள்!

பதினான்கும் வந்தாகிவிட்டது. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. மேஸ்திரி மூக்குப்பொடி டப்பியை வெறுமனே திறந்து திறந்து மூடினார். தெருவின் எதிர்ப்பக்கம் நின்றிருந்த தனபாக்கியம் அப்போதுதான் மூச்சு விட்டிருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் இன்னொரு பஃப் கை தெரிந்தது.

அதே புடைப்பு. அதே ஃபிரில். பொன்னம்மாவுடையதை உரித்து வைத்த மாதிரி!

மேஸ்திரி துள்ளி எழுந்தார். “பாத்தியா! பாத்தியா! ரெண்டு ஒரே மாதிரி...” என்றவர் பாதியிலேயே நின்றார். வந்தது அவர் மனைவி அலமேலு.

“நீயா? என் பொண்டாட்டியே போயி அவகிட்ட தைக்கக் குடுத்தியா?” மானம் போனது ஒரு பக்கம், ஜெயித்தது ஒரு பக்கம்... எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது என்று அவருக்கே தெரியவில்லை. “சரி, அத ஊட்ல பேசிக்கலாம். நீங்க சொல்லுங்க சார்!”

நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று, “ரெண்டும் ஒரே மாதிரிதாம்மா இருக்கு, தனபாக்கியம்” என்று சொல்லிவிட்டேன். இது பதினைந்தாவது என்று எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

தனபாக்கியத்தின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தெருவைக் கடந்து நேராக அலமேலுவிடம் வந்தாள். கையோரத்து மடிப்பை விரலால் புரட்டினாள்.

“இது என் தையல் இல்ல சார். நான் ஓரத்த ரெண்டு மடிப்பு மடிப்பேன். இது ஒத்த மடிப்பு.”

“தோத்தவங்க எல்லாம் இதத்தான் சொல்வாங்க” என்றார் மேஸ்திரி.

எல்லாரும் அலமேலுவைப் பார்த்தோம். அவள் பேசாமல் இருந்திருந்தால் அந்த மிஷின் அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கும். வாயைத் திறந்தால் வீட்டில் என்ன நடக்குமோ?

“தனபாக்கியம் தச்சது இல்லீங்க. நான் தச்சேன்.”

“நீயா? நீ எப்ப மிஷினத் தொட்ட?”

“மத்தியானம் சாப்ட்டுட்டு நீங்க குறட்டை வுடுவீங்க இல்ல, அப்ப. நாலு வருசமாத் தொட்டுக்கினுதான் கீறேன். பொன்னம்மா தன் ஜாக்கெட்ட முந்தாநேத்து காட்டிச்சி. பாத்ததும் கை நமநமங்குது, இன்னா பண்ணச் சொல்றீங்க?”

தெருவே சிரித்தது. குப்பம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் புரையேறிவிட்டது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. மனைவியின் தோள்பட்டைத் தையலையே வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நான் பயந்தேன்.

“கை நல்லா ஏறிக் கீது” என்றார்.

பஃப் கையைச் சுருக்கம் பிசகாமல் தோளில் ஏற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மேஸ்திரி வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை இந்தப் பஜார் கேட்டதில்லை. பிறகு தனபாக்கியத்திடம் திரும்பினார். “மிஷினுக்கு ஒழுங்கா எண்ணெ போடறியா? போடாம ஓட்டினா பல்லு தேஞ்சிடும், ஆமா.”

மிஷின் நின்றுவிட்டது, அவள் வீட்டிலேயே!

புதுச்சேரிப் பத்திரிகையில் டிசைன் போட்டவர் பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். நம் பஜாரில் யார் அச்சடிக்கப்போகிறார்கள்? அதனால்தான் இந்த இரண்டு பேரின் பெயரையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒருத்தி ஒரே துணியைப் பதினான்கு துணியாக்கினாள். மற்றவள் ஒரே பார்வையில் அதில் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். இருவரில் யார் கெட்டிக்காரி என்று என்னைக் கேட்காதீர்கள். ஒருமுறை தீர்ப்புச் சொல்லி நான் பட்டது போதும்!

அந்த அவமானம் மட்டும் எனக்கு ஆறவில்லை. துணிக் கடையிலேயே வேலை பார்க்கிறவன், மேலாகப் பார்த்துவிட்டு எப்படித் தீர்ப்புச் சொன்னேன்? அன்று கடைக்கு விடுமுறை. சாவி என்னிடம் இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நம் கார்டில் என் பங்குத் துணி உங்கள் இரண்டு பேருக்கும் போய்விட்டதால் என் மேல் இருந்தது பழைய சட்டைதான். அதன் காலர் மட்டும் நைவதே இல்லை என்று ஊரெல்லாம் நான் பெருமை பேசியிருக்கிறேன், இல்லையா? அதையும் மேலாகத்தானே பார்த்திருந்தேன்!

சட்டையைக் கழற்றி, காலரைத் தூக்கிப் பார்த்தேன்.

நைந்த பக்கம் அடியில் இருந்தது. உங்கள் அம்மா காலரை முழுதாகப் பிரித்து, புரட்டி, நல்ல பக்கம் மேலே வரும்படி கைத்தையல் போட்டிருக்கிறாள். எப்போது செய்தாளோ!

சட்டையைத் திரும்பப் போட்டுக்கொண்டு, அந்தக் காலரைக் கையால் ஒரு தடவை நீவி விட்டேன்.