ரிலீவருக்காகப் போட்ட துண்டு

பேருந்தில் பக்கத்து இருக்கையில் துண்டைப் போட்டுவிட்டு "ஆள் வராங்க" என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆள் நிஜமாகவே வருகிறாரா என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். முறைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த நல்ல வழக்கத்தை நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து பழவேற்காடு வரை கெடுத்துக்கொண்டே போனேன். ஜன்னல் ஓரத்தில் என் துண்டு உட்கார்ந்து வந்தது. நான் அதற்குக் காவல்.

வர வேண்டிய ஆள் பர்கூர்க்காரன். ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் நாங்கள் இருவரும் ஒரே கிரைண்டிங் மெஷினை ஓட்டினோம். சேர்ந்து அல்ல. எனக்கு ஏ ஷிப்ட் என்றால் அவனுக்கு பி. எனக்கு பி என்றால் அவனுக்கு சி. நான் சி முடித்துக் காலை ஆறு மணிக்குக் கண்ணெரிச்சலோடு நின்றால், குளித்துத் திருநீறு பூசி ஏ ஷிப்டுக்கு வந்து நிற்பான். என்னை விடுவிக்க வருகிறவன் எப்போதும் அவன்தான். அதற்கு எங்கள் பாஷையில் ரிலீவர் என்று பெயர்.

ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாது. வரவில்லையென்றால் அடுத்த ஷிப்டையும் நீயே ஓட்ட வேண்டும். வந்துவிட்டால் பத்து நிமிடம் ஒப்படைப்பு. வந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி, "ஓடுதா?" நான், "ஓடுது." பிறகு எங்கே சத்தம் வருகிறது, எந்தக் கல் தேய்ந்திருக்கிறது என்று ஒரு நான்கு நிமிடம். மிச்சம் ஆறு நிமிடம் எங்களுடையது. அவன் தங்கை கல்யாணம், அவன் அப்பா படுக்கையில் விழுந்தது, விருதுநகர்ப் பக்கம் எனக்குப் பார்த்த பெண் வீட்டார் கடைசி நேரத்தில் பின்வாங்கியது, அதற்குப் பிறகு நான் பெண்ணே பார்க்க வேண்டாம் என்றது, எல்லாம் இந்த ஆறு நிமிடத் தவணைகளில்தான் பேசி முடித்தோம். கடைசியில் என் தோளைத் தட்டுவான். "சரி, நீ கெளம்பு. நான் பாத்துக்கறேன்."

லீவு நாளில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கலாம். எங்கள் லைனில் எல்லாருக்கும் ஒரே நாள் லீவு கிடையாது. அவன் லீவில் நான் மெஷினில் இருப்பேன், என் லீவில் அவன். அதனால் எத்தனையோ தடவை சொல்லிக்கொண்டோம், ரிட்டயர் ஆனதும் ஒரு முழு நாள் சேர்ந்து எங்கேயாவது போக வேண்டும் என்று. அவனுக்குக் கடல் பார்க்க வேண்டும். அறுபது வயதை நெருங்கியும் கடலைப் பார்க்காதவன்.

ஒரே வருடத்தில் இருவரும் ரிட்டயர் ஆனோம். நான் ஓசூரில் அதே ஒற்றை அறையில் இருந்துவிட்டேன். அவனைப் புனேவுக்குக் கூட்டிப்போக மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று, திங்கட்கிழமை காலை ரயில் என்றான். அதே வாரம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் சுற்றுலா நடத்தும் ஒருவரின் தட்டியைப் பார்த்தேன். பழவேற்காடு, ஒரு நாள் சுற்றுலா, ஞாயிற்றுக்கிழமை. இதை விட்டால் நாள் கிடையாது. வண்டி பர்கூரில் நிற்காது என்றார்கள். இரண்டு இருக்கை பதிவு செய்துவிட்டு அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: "சனி, 3 AM, கிருஷ்ணகிரி டோல்கேட். ரெடியா இரு." அவன் கட்டை விரல் படம் ஒன்று அனுப்பினான். வாட்ஸ்அப் கற்றுக்கொண்டதிலிருந்து அவனுக்கு அது ஒன்றுதான் கைவசம்.

ஓசூரில் வண்டி ஏறும்போதே துண்டைப் போட்டேன். சூளகிரியில் ஒரு குடும்பம் ஏறியது. அதில் முழங்காலில் உறை மாட்டிய ஒரு அம்மாவுக்குக் கடைசி வரிசையில் இடம். அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளமும் நேராக முட்டிக்குத்தான் வரும். நொண்டியபடி முன்னால் வந்து என்னிடம் கேட்டார்.

"இங்க ஆள் இருக்காங்களாண்ணா?"

"வராங்கம்மா. கிருஷ்ணகிரில ஏறுவாங்க."

கிருஷ்ணகிரி டோல்கேட்டில் யாரும் ஏறவில்லை. கழுத்தில் விசில் தொங்க வந்த சுற்றுலாக்காரர், வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தார். நான் இறங்கி டீக்கடை, கழிப்பறை, சாலைக்கு அந்தப்புறம் என்று எல்லா இடத்திலும் பார்த்தேன். அவனுக்குப் போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாய் வேறு சொன்னது.

"பையன் கார்ல நேரா அங்க வந்துடறாராம் சார்."

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என்னால் ஒழுங்காக விளக்க முடியாது. ரிலீவர் வருகிற வரைக்கும் இடத்தை விடக் கூடாது என்பது இருபத்தெட்டு வருடமாக உடம்பில் ஊறியது. அதோடு, எனக்கென்று யாரும் இல்லை என்பதை நாற்பது பேர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. பர்கூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சாலையோரம் வெட்டி அடுக்கிய கிரானைட் பாளங்கள் இருட்டில் மங்கலாகத் தெரிந்தன.

பழவேற்காட்டில் முதலில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். சூளகிரிக் குடும்பம் அவற்றோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. உள்ளே கரும்பலகை போலப் பெரிய கற்கள், நுணுக்கமான எழுத்தும் கொடியும் பூவுமாக. பர்கூர்க்காரன் வந்திருந்தால் ஒவ்வொரு கல்லையும் விரலால் தட்டிப் பார்த்து, இது எங்க கல்லு கெடையாது என்று தீர்ப்புச் சொல்லியிருப்பான். இந்தத் துறையிலிருந்து துணி கப்பல் ஏறியது, வாசனைச் சரக்கு வந்து இறங்கியது, பெரிய கோட்டை இருந்தது என்று சுற்றுலாக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். அங்கே படுத்திருந்தவர்களில் பாதிப் பேர் டச்சுக் கம்பெனி வேலைக்கு வந்தவர்களாம். ஊர் விட்டு வந்து, கம்பெனிக்கு உழைத்து, காய்ச்சலில் போனவர்கள். தங்களுக்குப் பதில் ஆள் கொண்டுவரும் கப்பலை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்தார்களோ. எனக்கு அவர்கள் மேல் திடீரென்று ஒரு பாசம் வந்தது.

"உங்க ஃப்ரெண்டு வந்துட்டாரா சார்?" என்றார் சுற்றுலாக்காரர்.

"வந்துக்கிட்டே இருக்கார்."

கோட்டை என்று காட்டிய இடத்தில் சீமைக்கருவேல மரங்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு ஒரு பள்ளிவாசலில் நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் கடிகாரம். எல்லாரும் தங்கள் கைக்கடிகாரத்தோடு சரிபார்த்து வியந்தார்கள். சூரியன் போனால் இதற்கு வேலை இல்லை, சி ஷிப்டுக்கு இது உதவாது என்று சொல்லத் திரும்பினேன். பக்கத்தில் அதைக் கேட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மதியம் மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு. அந்தச் சுற்றுலாக்காரர் நல்ல மனுஷன். இன்னொரு சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டி என் கையில் கொடுத்தார். "அவர் பசியோட வருவார் சார், வச்சிருங்க." அந்தப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்க நடந்தேன். கடைசி வரிசை அம்மா ஒவ்வொரு இடத்திலும் மகளின் தோளைப் பிடித்து இறங்கினார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், பாவம், சிரித்தார். ஒரு முறைகூட இடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்காது.

ஏரிப் பாலத்தைத் தாண்டிக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். கரையில் படகுகள், காயும் வலைகள், அதற்கப்பால் கடல். குடும்பம் குடும்பமாக எல்லாரும் தண்ணீருக்கு ஓடினார்கள். நான் பொட்டலத்தோடு மணலில் நின்று பதினோராவது முறையாகவோ பன்னிரண்டாவது முறையாகவோ அவனுக்குப் போன் செய்தேன். மணி முழுதாக அடித்து அடங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அல்லது உறைத்ததாக நினைத்தேன். அவனுக்கு மனைவி உண்டு, மகன் உண்டு, பேத்தி உண்டு. நான் அவனுடைய நாளில் பத்து நிமிடம். கடல் பார்க்கலாம் என்று அவன் சொன்னதெல்லாம் மெஷின் பக்கத்தில் நின்று பேசுகிற பேச்சு. அதை நான்தான் இருபத்தெட்டு வருடம் நிஜம் என்று வைத்துக்கொண்டிருந்தேன். கோபம் வந்தது. பின்னாலேயே அழுகையும் வந்தது. காற்று பலமாக அடித்ததால் கண்ணைத் துடைத்ததை யாரும் கவனிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய்க்கு வைத்தேன்.

வண்டி கிளம்பும்போது, படியேறி உள்ளே வந்த சூளகிரி அம்மாவை நிறுத்தினேன். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இங்க உக்காருங்கம்மா. யாரும் வரல."

அவர் துண்டையும் என்னையும் பார்த்தார். "வராங்கன்னீங்களேண்ணா?"

"சொன்னேன். வரல."

மேற்கொண்டு கேட்காமல் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்து, காலை மெல்ல நீட்டி, பையிலிருந்து வறுத்த நிலக்கடலை எடுத்து என் கையில் ஒரு பிடி போட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார்.

வாலாஜா தாண்டியபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. போன் அடித்தது. அவன்.

"எதுக்குப்பா காலைலேர்ந்து கூப்புட்டுக்கினே இருக்க?" என்றான். குரலில் கோபம். "வராதவன் எதுக்குக் கூப்புடற?"

"யாரு, நானா வரல? டோல்கேட்ல பத்து நிமிஷம் வண்டிய நிறுத்தி வச்சுத் தேடினேன்."

"எப்ப?"

"இன்னைக்கு. மூணு மணிக்கு."

"நீ சனின்னுதான போட்டிருந்த?" என்றான்.

"ஆமா, சனி. சி ஷிப்ட் மூணு மணி…"

சொல்லும்போதே நாக்கு நின்றுவிட்டது. சி ஷிப்டில் நள்ளிரவு தாண்டினாலும் லாக் புத்தகத்தில் முந்தைய தேதியைத்தான் எழுத வேண்டும். காலை ஆறு மணிக்குத்தான் எங்களுக்குத் தேதி மாறும். சனிக்கிழமை சி ஷிப்டின் மூன்று மணி, ஊர் உலகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் ரிட்டயர் ஆகியும் அந்தக் கணக்கிலேயே இருந்திருக்கிறேன். திருத்துவதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தால்தானே. அவன் வீட்டில் காலண்டர் இருக்கிறது, பேத்தி இருக்கிறாள்.

"பேத்திதான் செல்லுல அலாரம் வெச்சுக் குடுத்தா," என்றான். "சனிக்கெழம ரெண்டு மணிக்கு அடிச்சுது. பையன் கார்ல கொண்டாந்து உட்டான். போடா, அவன் வந்துடுவான்னு அனுப்பிட்டேன்."

"ஒரு போன் பண்ணிருக்கலாமே."

"தூங்கறவன எழுப்பி ஏன் வரலன்னு கேக்கச் சொல்றியா? இஷ்டமில்ல போலன்னு நெனச்சுக்கினேன். இன்னிக்கு உன் பேரு வர வர எடுக்கல. இவதான் இப்ப திட்டுனா, எடுத்துப் பேசுன்னு."

"எவ்வளவு நேரம் நின்ன?"

"ஆறு மணி வரைக்கும். ஷிப்ட் முடியற வரைக்கும் நிக்கணுமில்ல?" என்றான்.

மூன்று மணி நேரம். அந்த டோல்கேட்டில், லாரிப் புழுதியில், கையில் பையோடு. நான் அவ்வளவு நேரமும் என் அறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்குள் அந்த மாதிரி வார்த்தைகள் புழங்கியதில்லை. பின்னணியில் யாரோ அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்குக் காலைல வண்டி," என்றான்.

"தெரியும்."

"கடலப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஓடுதா?"

"ஓடுது," என்றேன்.

வழக்கமாக அடுத்த வார்த்தை அவனுடையது. ஆனால் இந்த முறை கிளம்புகிறவன் அவன். இருபத்தெட்டு வருடத்தில் அதைச் சொல்லும் முறை எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

"சரி, நீ கெளம்பு," என்றேன். "நான் பாத்துக்கறேன்."