க் போட்ட வாழ்த்து

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூடத்து மின்விசிறியைத் துடைத்தது. நான் ஸ்டூல் மேல். அம்மா கீழே, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு. மூன்று இறக்கையிலும் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது.

“ஊர்ல இருக்கற லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்குற. ஒரு ஸ்டூல்ல நிக்க இவ்ளோ நடுக்கமாடி?”

“லிஃப்டுக்குப் பிரேக் இருக்கும்மா. இதுக்கு நீதான் இருக்க.”

“அப்ப தைரியமா நில்லு. விழுந்தா மட்டும் அந்தப் பக்கமா விழு. என் எலும்பு உளுத்துப்போச்சு.”

அது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அம்மா இறந்துவிட்டாள். மாரடைப்பு. வயது அறுபத்தேழு.

நான் லிஃப்ட் பராமரிப்பில் வேலை செய்கிறேன். பழுது அறிக்கை எழுதித்தான் பழக்கம். இதுவும் அப்படித்தான் வருகிறது.

அம்மா ஒரு பதிப்பகத்தில் தபால் பார்த்தாள். இருபத்துமூன்று வருடம். ஜன்னல் இல்லாத அறை, ஒரு தட்டச்சு இயந்திரம், கால் ஆடும் மேசை. அந்தப் பதிப்பகம் ஓடியதே ஒருவரால்தான். நூறு வருடத்துக்கு ஓரடி நகரும் ஒரு மலை, அதன் முதுகில் குடியிருக்கும் மனிதர்கள். இதை வைத்து அவர் பதினொரு பாகம் எழுதினார். அலுவலகத்தில் அவருக்கு மலைக்காரர் என்று பெயர். நான் இரண்டாம் பாகத்தோடு நிறுத்திக்கொண்டேன். மலை நகர்ந்தால் வீடுகளின் அஸ்திவாரம் என்ன ஆகும் என்று கேட்டேன்.

“உன்கிட்ட கதை சொன்னா நட்டு போல்ட்டு கேப்ப” என்றாள் அம்மா. அதன்பின் அவள் எனக்கு அந்தப் புத்தகங்களைத் தரவில்லை.

வாசகர்கள் அவருக்கு மூட்டை மூட்டையாக எழுதினார்கள். கதை எழுதத் தெரிந்த மனிதருக்குக் கடிதம் எழுத வரவில்லை. “நீங்களே ரெண்டு வரி தட்டி அனுப்பிடுங்கம்மா” என்று முதலாளி அம்மாவிடம் சொல்லிவிட்டார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை மலைக்காரர் வருவார். நாற்பது வெற்றுத் தாள்களின் அடியில் கையெழுத்துப் போடுவார். தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. கையெழுத்து தாளின் அடியில் இருக்கிறது. மேலே இரண்டு வரி தட்டினால் நடுவில் பொட்டல் வெளி கிடக்கும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? அதனால் இரண்டு வரி இருபது வரி ஆனது. கையெழுத்தில் போய் முட்டாமல் சரியாக ஒரு விரல்கடை மேலே நிறுத்த அம்மா பழகிக்கொண்டாள். கடைசி வரி எப்போதும் ஒரே சொல்: வாழ்த்துக்கள்.

மலைக்காரர் இந்த வருடத் தொடக்கத்தில் இறந்தார். அம்மா ஓய்வு பெற்ற பிறகும் வாரம் இரண்டு நாள் அந்த வேலைக்காகப் போய்க்கொண்டிருந்தாள். அவர் இறந்த அன்று மேசை இழுப்பறையில் கையெழுத்துப் போட்ட தாள் பதினேழு மிச்சம். பதினேழையும் குறுக்கே கிழித்து, கிழித்ததை மறுபடி கிழித்து, குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அவருக்கு வாசகர்கள் ஓர் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். வாடகை அரங்கம். என்னையும் அழைத்துப் போனாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். வந்தவர்களில் பாதிப்பேர் கையில் கடிதம் வைத்திருந்தார்கள். சிலர் அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள்.

ஒரு தையல்காரப் பெண்மணி மேடையேறினார். அவருடைய கடை தீப்பிடித்து எரிந்த வருடம் மலைக்காரருக்கு எழுதினாராம். வந்த பதிலைப் படித்தார். “முதலில் யாருக்காவது ஒரு பித்தான் தைத்துக் கொடுங்கள். ஒரு பித்தான் தைத்துவிட்டால் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம்.” படித்துவிட்டு, “என் கடை இன்னிக்கும் இருக்குன்னா அது அவராலதான்” என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. மாலை போட்ட படத்தைப் பார்த்துக் கைதட்டியது.

“அம்மா, அது நீ எழுதினதுதானே?”

“வாயை மூடிட்டு உக்காரு.”

அவள் காது மடல் சிவந்திருந்தது. திருட்டுச் சாமானைக் கண்காட்சியில் வைத்துவிட்டார்களே என்று முழிப்பவள்போல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் தண்ணீர் கேன் அருகே ஒருவர் எங்களிடம் வந்தார். எழுபது வயதிருக்கும். செய்தித்தாள் ஒன்றில் பிழைதிருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“பதிப்பகத்துல தபால் பார்த்தது நீங்கதான்னு சொன்னாங்க. ஒரு உதவி. ‘வாழ்த்துகள்’னு ஒரு தடவை எழுதிக் காட்டுங்களேன்.”

“எதுக்குங்க?”

“அந்தச் சொல்லுல க் வராது. க் போட்டா அது குடிக்கிற கள்ளாயிடும்னு முப்பது வருஷம் அடிச்சுத் திருத்தினவன் நான். பதினொரு பாகத்துல ஒரு இடத்துலயும் அவர் க் போடலை. எனக்கு வந்த கடிதத்துல இருக்கு. இங்க ஏழு பேர் கடிதத்தை வாங்கிப் பார்த்துட்டேன். எல்லாத்துலயும் இருக்கு.”

“புத்தகத்துல உங்கள மாதிரி யாராவது திருத்தியிருப்பாங்க” என்றாள் அம்மா.

“நானும் அப்படித்தான் நெனச்சேன். ஆனா டம்ளர் இடிக்குதே.”

தன் மனைவி இறந்தபோது அவர் மலைக்காரருக்கு எழுதியிருக்கிறார். பதிலில் இப்படி இருந்ததாம்: “இரண்டாவது டம்ளரை உடனே எடுத்து உள்ளே வைக்காதீர்கள். அது இருந்த இடத்திலேயே கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

“அவர் கல்யாணமே பண்ணிக்காதவர்மா. ரெண்டாவது டம்ளர் அவருக்கு எப்படித் தெரியும்?”

அப்பா இறந்தபோது நான் எட்டாம் வகுப்பு. அவருடைய டம்ளர் சமையலறைத் தட்டில் நாலு வருடம் கவிழ்ந்தே இருந்தது.

“எனக்கென்ன தெரியும்? நான் ஸ்டாம்ப் ஒட்டினவ” என்றாள் அம்மா.

அவர் விடவில்லை. ஆனால் நெருக்கவும் இல்லை. தன் முகவரியையும் ஃபோன் நம்பரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். “அவருக்கு நன்றி சொல்லத்தான் எல்லாரும் வந்திருக்காங்க. நானும் சொல்லிட்டேன், கதைக்காக. அந்த டம்ளரை எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்கும் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடணும்.”

பஸ்ஸில் நான் கோபப்பட்டேன். “ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா என்னம்மா?”

“அவர்கிட்ட ஆமான்னா, அந்தத் தையல்காரம்மா கையில இருக்கறது என்னடி? எவளோ ஒரு குமாஸ்தா தட்டின காகிதம். அவங்க கடையைத் தூக்கி நிறுத்தினது மலைக்காரர். அவரே சொன்னாருங்கறதாலதான் பித்தான் தைச்சிருக்காங்க. நான் சொல்லியிருந்தா தைச்சிருப்பாங்களா?”

“இவர்கிட்ட மட்டும் சொல்லு.”

“ஒருத்தர்கிட்ட சொன்னது ஒருத்தர்கிட்டயே நிக்குமா? எல்லாரும் பிரிச்சுப் பார்த்து க் தேடுவாங்க.”

அவள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதியிருக்கிறாள். அவளுக்கென்று ஒரு கடிதம்கூட வந்ததில்லை. யாரோ ஒருவர் முதல்முறையாக அவளைத் தேடி வந்து நிற்கிறார். அவரிடம் ஸ்டாம்ப் ஒட்டினவள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஐந்து வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அவள் நிலைகொள்ளவில்லை. பாலைப் பொங்கவிட்டாள். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு மாடிக்குப் போனாள். கேட்டால் வாயை மூடிக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை நான் ஒரு லிஃப்டின் இயந்திர அறையில் இருந்தபோது கூப்பிட்டாள்.

“சனிக்கிழமை அந்தப் ப்ரூஃப் சாரைப் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன்.”

“நானும் வரேம்மா.”

“வேண்டாம். நீ வந்தா முந்திரிக்கொட்டை மாதிரி நீயே சொல்லிடுவ.”

“அப்ப நீ என்ன சொல்லப் போற?”

“ரெண்டு பஸ் மாறணும். ஒரு மணி நேரம் ஆகும். போற வழியில யோசிச்சுக்கறேன். சரி, கையை எங்கயும் விட்டுக்காம வேலையைப் பாரு.”

மறுநாள் காலை போய்விட்டாள்.

அவளுடைய ஃபோனை இன்றுதான் பார்த்தேன். வியாழன் மாலை 4.10க்கு ப்ரூஃப் சாரை அழைத்திருக்கிறாள். ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. வருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை 11.20க்கு அவர் அழைத்திருக்கிறார். 12.05க்கு மறுபடி. மாலையில் ஒரு தடவை. அதன்பின் அழைக்கவில்லை. ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

இறந்த செய்தியை நான் சொல்லிவிடலாம். அடுத்து அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். உண்மை என்ன என்பதும் தெரியும். அதைச் சொல்வதா மறைப்பதா என்று அம்மா இரண்டு பஸ் மாறும் நேரத்தில் முடிவு செய்வதாக இருந்தாள். முதல் பஸ்ஸிலேயே அவள் ஏறவில்லை.